மஞ்சள் தடவிய சுறா

ராயபுரத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்கு நேர் எதிரே ஆண்கள் பள்ளி. நடுவில் ஒரு தெரு. அதில் எந்நேரமும் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள். அந்தப் பக்கத்துப் பையன்கள் பத்தாவதுக்குப் போனால் விருப்பப் பாடம் என்று ஒன்றை எடுக்க வேண்டும். எலெக்டிவ் என்பார்கள். பௌதிகம், ரசாயனம் எடுக்கலாம், இன்ஜினியரிங் எடுக்கலாம். இன்ஜினியரிங் எடுத்தவன் கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்து, அதைத் துடைக்காமலே பஸ் நிறுத்தத்தில் நிற்பான். நாங்கள் பார்க்க வேண்டும் என்றுதான். நான் பார்ப்பேன். அவனை இல்லை, கிரீஸை.

இந்தப் பக்கம் எங்களுக்கும் எலெக்டிவ் உண்டு. சரித்திரம், மனையியல், தையல். விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்று பேர்தான். முதல் இரண்டிலும் இடம் நிறைந்ததும் மிச்சப் பேரெல்லாம் தையலுக்குப் போக வேண்டியதுதான். ஒன்பதாவதில் கைவேலை வகுப்பில் நான் தைத்த தலையணை உறைக்குள் உலகத்தில் எந்தத் தலையணையும் நுழையாது. தையல் டீச்சர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பென்சில் போட்டு வச்சுக்கோ, வீணாக்காதே" என்றார்.

நான் பத்தாவதுக்கு வந்த வருஷம்தான் அது மாறியது. மாற்றியவர் ஒரு புது டீச்சர். மயிலாப்பூர்ப் பக்கத்துக்காரர், விலங்கியல் படித்து, ஆசிரியப் பயிற்சியான பி.டி. முடித்த கையோடு எங்கள் பள்ளிக்கு வந்தவர். இரண்டு பஸ் மாறி வருவார். வீட்டில் முட்டை கூட ஆகாது. அப்படிப்பட்டவர், வந்த முதல் மாதமே தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் போய், "கடற்கரையில பள்ளிக்கூடத்தைக் கட்டி வச்சுண்டு பிள்ளைகளுக்குத் தலையணை உறை தைக்கச் சொல்லித் தரோமே" என்று கேட்டாராம். சிஸ்டர் சிரித்துவிட்டு, உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்த பின்னறையின் சாவியைக் கொடுத்தார். அதுதான் எங்கள் இயற்கை விஞ்ஞான எலெக்டிவ். பெயர் கொடுத்தவர்கள் ஒரு டஜன் கூட இல்லை.

அந்த அறையை நாங்கள் ஆய்வுக்கூடமாக்கிய கதையை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. அறுத்துப் பார்க்கிற பிராணியை ஊசி குத்தி நிறுத்த, மெழுகு ஊற்றிய தட்டு வேண்டும். கடையில் வாங்கப் பணம் இல்லை. மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை, அங்கே எடுபிடி வேலை பார்க்கிற கோயில் பிள்ளையிடம் கேட்டு வாங்கி, உருக்கி, பிஸ்கட் டின் மூடிகளில் ஊற்றினோம். குண்டூசி தையலறையில் இருந்து. கத்திக்குப் பதில் பாதி பிளேடு. தண்ணீர்க் குழாய் கிடையாது. கிணற்றில் இறைத்து வாளியில் வைப்போம். இப்போது நான் படிக்கிற கல்லூரியில் பளபளவென்று எனாமல் தட்டு, ஆளுக்கொரு கத்தரிக்கோல், எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தப் பின்னறையில் பிஸ்கட் மூடி மெழுகில் முதல் நண்டின் ஓட்டைத் தூக்கிப் பார்த்தபோது என் காதுமடல் சூடானதே, அந்தச் சூடு இங்கே இன்னும் வரவில்லை.

டீச்சர் படம் போடும் அழகைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு கையிலும் சாக்பீஸ் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் வரைவார். கரும்பலகையில் ஒரு சுறா வயிறு திறந்து படுத்துக் கிடக்கும். ஈரல் மஞ்சள், இரைப்பை வெள்ளை, இதயம் சிவப்பு. "மீனைச் சாப்பிடத்தான் எனக்குத் தெரியாது. உள்ளே எவ்வளவு அழகு, பாருங்கோ!" என்பார். வெறும் கையால் தொடுவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் காசிமேட்டுக் குப்பத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அம்மா கூடையில் மீன் விற்கிறவர். வகுப்பில் அவள் கேட்காத கேள்வி இல்லை. கேட்டால் பதில் வரும்வரை உட்கார மாட்டாள். "மீனுக்குக் காது எங்க கீது டீச்சர்? இல்லன்னா, மேளம் அடிச்சா ஓடுதே, எத்த வெச்சு கேக்குது?" எனக்கு எதையும் சட்டென்று மனப்பாடம் செய்துவிடும் வேகம் உண்டு, அந்த வேகத்தில் எனக்குக் கர்வமும் உண்டு. அவளுக்கு அது போதாது. படத்தில் பார்த்ததைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், கையில் எடுத்ததைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் திருவொற்றியூர் ரயிலில் இருந்து இறங்கி ஓடி வருவதற்குள் அவள் வாளித் தண்ணீரில் எதையாவது மிதக்க விட்டுக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் சொறிமீன், ஒரு நாள் முள்ளெல்லாம் அசைகிற கடல் முள்ளி. தொட்டால் கை அரிக்கும் என்று நான் பின்வாங்கினால், "அரிக்காட்டி அது இன்னா சொறி? தொடுடி, சும்மா!" என்று என் கையைப் பிடித்து உள்ளே விடுவாள்.

வகுப்புக்கு ஒரு கண்டம் இருந்தது. கல்வி இலாகா தற்காலிக அனுமதிதான் கொடுத்திருந்தது. பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்ட்ரஸ் ஒரு நாள் வருவார். செய்முறை வகுப்பு ஒன்றை முழுக்கப் பார்ப்பார். திருப்தி இல்லை என்றால் எலெக்டிவ் அன்றோடு கலையும், எல்லோரும் தையலுக்கு. எனக்கு அதனால் கல்லூரியில் சயின்ஸ் பிரிவு கிடைக்காமல் போகும். அவளுக்கோ பள்ளிக்கூடமே போய்விடும்.

ஏன் என்பதை அவள் அம்மாவே எனக்குச் சொன்னார். ஒரு சாயங்காலம் அவளோடு கடற்கரைக்குப் போயிருந்தேன். அந்த அம்மா வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கிழிந்த வலை மேல் உட்கார்ந்திருந்தார்.

"சயின்சுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாது கண்ணு. நர்சு ஆவணும்னா, டாக்டரு ஆவணும்னா அதாம் வாசப்படின்னு உங்க டீச்சரம்மா சொல்லிச்சு. செரி, படின்னுட்டேன். அத்த நிறுத்திட்டு தையல்னு சொன்னாங்கன்னா இவ வூட்லயே இருக்கட்டும். தைக்கறதுக்கா இங்க பஞ்சம்? இந்தா கெடக்குது பாரு, தெருக்கோடி வரைக்கும் கிழிஞ்சு!"

"இத்தயே காலைல, மத்தியானம், ராத்திரின்னு சொல்லிகினு கீது," என்றாள் அவள். "பேஜாரு."

"பேஜாரா? சொன்ன சொல்லு மாற மாட்டேன்டி நான்."

மாறவும் மாட்டார். மூத்தவளை எட்டாவதோடு நிறுத்தியவர் அவர்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற நாள் தெரிந்ததும் டீச்சர் முடிவு செய்தார்: மற்ற பள்ளிகளில் தவளையைத்தான் காட்டுவார்கள், நாம் சுறாவைக் காட்டுவோம். அதற்கு முன்பு ஒரே ஒரு பால்சுறாவை அவர் அறுத்துக் காட்டியிருந்தார். அதை அவள்தான் கட்டுமரம் கரையேறின இடத்திலேயே அப்பாவிடம் வாங்கி, ஈரக் கோணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை மூன்று வேண்டும். அன்றைக்குக் காலையிலேயே வந்து அறையைக் கழுவ வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும். அதனால் மீன் கொண்டு வருகிற பொறுப்பை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தாள்.

"சொல்லிட்டியா?" என்று நான் கேட்டேன்.

"எல்லாம் சொல்லிட்டேன். சர்க்கார்ல இருந்து பெரிய அம்மா ஒருத்தங்க வராங்க, அவங்க முன்னாடி வெக்கறதுக்கு நல்லதா மூணு பால்சுறா வோணும்னு சொன்னேன். நான் கொண்ணாந்து குடுக்கறேன் போடின்னுச்சு."

பெஞ்சுகளைக் கழுவினோம். மெழுகுத் தட்டுகளைத் துடைத்து வரிசையாக வைத்தோம். டீச்சர் கரும்பலகையில் தம் சுறாவை வரைந்து முடித்தார். அந்தப் படத்தை வகுப்பின்போது துணியால் மூடிவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பார்த்துச் செய்ததாக இருக்கக் கூடாதாம். இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து இறங்கி, சிஸ்டரின் அறையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று பியூன் வந்து சொன்னான். அடுத்து தையலறை, அதற்கடுத்து நாங்கள். டீச்சர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். தலையில் விற்பனைக் கூடை, இடுப்பில் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம். வாழையிலை போட்டு மூடியிருந்தது. நல்ல புடவை கட்டி, தலை வாரி, பூ வைத்திருந்தார். தாம்பாளத்தை மேசையில் வைத்து, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, இலையை எடுத்தார்.

மூன்று சுறா. தலை இல்லை. துடுப்பு இல்லை. வெந்நீர் ஊற்றிச் சொரசொரப்புத் தோலைச் சுரண்டி, வயிற்றைக் கீறி, உள்ளே இருந்ததை எல்லாம் வழித்து எடுத்து, கடல் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் கழுவி, மஞ்சளும் உப்பும் தடவியிருந்தார். உள்ளும் புறமும் பொன் மாதிரி மின்னிற்று.

"துண்டு மட்டும் போடல டீச்சரம்மா," என்றார். "அந்தம்மா கொழம்பு வெப்பாங்களோ, புட்டு செய்வாங்களோ. அத்தனால விட்டுட்டேன்."

எங்கள் கையில் பாதி பிளேடும் குண்டூசியும் அப்படியே இருந்தன.

குப்பத்தில் விற்கிற மீன் வேறு, கொடுக்கிற மீன் வேறு. இது எனக்கு அப்புறம்தான் தெரியும். விற்கிற மீனை வாங்குகிறவர் கழுவிக்கொள்ளட்டும். ஆனால் மரியாதைக்குக் கொடுக்கிற மீன் இருக்கிறதே, சாமியாருக்கோ டாக்டருக்கோ சம்பந்தி வீட்டுக்கோ போகிற மீன், அதைக் குடலோடு கொடுத்தால் அது பெரிய அவமதிப்பு. 'உனக்கு நான் கழுவிக்கூடத் தர மாட்டேன்' என்று சொல்வது மாதிரி. சர்க்காரில் இருந்து வருகிற பெரிய அம்மா முன்னால் வைக்கிற மீனுக்கு எத்தனை மரியாதை செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்துவிட்டார். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

டீச்சர் முகத்தில் ரத்தம் இல்லை. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. மீனை எப்படி அன்பளிப்பாகக் கொடுப்பார்கள் என்று மயிலாப்பூரில் யாருக்குத் தெரியும்? நான் வாயைத் திறந்தேன். "ஐயோ, இப்படியா பண்..." என்று வருவதற்குள் என் காலை ஒருத்தி ஓங்கி மிதித்தாள். அவள்தான்.

அவள் முகத்தை நான் அப்போது பார்த்தேன். பள்ளிக்கூடமே தன் கையை விட்டுப் போகிறது என்று அவளுக்கு எங்களை எல்லாம் விட நன்றாகத் தெரியும். தாம்பாளத்தைப் பார்த்தாள், அம்மா தலையில் இருந்த பூவைப் பார்த்தாள்.

"ஷோக்கா கீதும்மா," என்றாள்.

"பின்ன? கருக்கல்ல இருந்து ஒக்காந்து செஞ்சிகினு கீறேன்."

"கொடலு, ஈரலு எல்லாம் எங்கம்மா போட்ட?"

"கூடைல அடியில கீது. ஈரல உருக்குனா எண்ண ஆவும், மத்தது வாத்துக்கு. ஏன்?"

"அத்த குடு."

"அந்தக் கலீஜையா? பெரிய மனுசி வர நேரத்துல அது இன்னாத்துக்குடி இங்க?"

"குடும்மா, ஜல்தி!"

அவள் கூடையை இறக்கி, அடியில் ஓலைப்பெட்டியில் இருந்ததை எடுத்து, காலி வாளியில் கவிழ்த்தாள். மூன்று சுறாவின் உள்ளுறுப்புகளும் ஒன்றாகக் கலந்து தொப்பென்று விழுந்தன. மேலே மூன்று தலைகள். டீச்சர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்த மறுகணம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "எல்லாரும் வாங்கோ. உறுப்பு உறுப்பாப் பிரிச்சு வையுங்கோ" என்றார். அந்தக் குரலில் பயமே இல்லை. ஏதோ பாடத்திட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது போலச் சொன்னார்.

நாங்கள் பாதி பிரிப்பதற்குள் இன்ஸ்பெக்ட்ரஸ் வந்துவிட்டார்.

கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மெல்லிய சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி. உள்ளே வந்ததும் எங்களைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "குழாய் இல்லை. காஸ் இல்லை. அலமாரி இல்லை." ஒவ்வொன்றுக்கும் சிஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "விதிப்படி இதுக்கு ஆய்வுக்கூடம்னே பேர் இல்லை, சிஸ்டர்." பிறகு மேசையைப் பார்த்தார். பிஸ்கட் மூடிகளில் ஈரல், இரைப்பை, குடல். தாம்பாளத்தில் மஞ்சள் பளபளப்பு.

"மீன் எங்கே?"

டீச்சர் பேச வாயெடுத்தார். அதற்குள் அவளே முன்னால் வந்து நின்றாள்.

"இதாங்க மேடம் மீனு. நீங்க வரீங்கன்னு எங்கம்மா கழுவிட்டாங்க."

வாசல் பக்கமாக நின்ற அம்மா கும்பிட்டார். "மஞ்சளும் உப்பும் போட்டுக் கீது தாயே. நேரா சட்டில போட வேண்டியதுதான்."

இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாம்பாளத்தைப் பார்த்தார். அந்த அம்மாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார்.

"அறுத்துப் பார்க்கிற வகுப்புன்னு எழுதியிருக்கு. அறுக்கறதுக்கு இங்க ஒண்ணும் மிச்சமில்லை," என்றார். பேனாவை மூடப் போனார்.

"வெச்சுக் காட்டறோம் மேடம்," என்றாள் அவள்.

"எதை?"

"எல்லாத்தையும். எது எங்க இருந்துச்சோ அங்க."

இன்ஸ்பெக்ட்ரஸ் டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சர் நகர்ந்து, கரும்பலகையின் மேல் இருந்த துணியைச் சரியாக இழுத்துவிட்டார். கொஞ்சநஞ்சம் தெரிந்த படமும் மறைந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே டீச்சரை எனக்கு ஆயுசுக்கும் பிடிக்கும்.

"சரி," என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். பியூன் நாற்காலி கொண்டு வந்தான். அவர் உட்காரவில்லை.

மூன்று சுறாவில் பெரியதை எடுத்து மெழுகுத் தட்டில் மல்லாத்தினோம். தட்டு போதவில்லை, இரண்டு தட்டைச் சேர்த்துப் போட்டோம். பிறகு தொடங்கினோம். அறுத்தால் உறுப்புகள் இருக்கிற இடத்தில் இருக்கும். பெயரைச் சொன்னால் போதும். இது அப்படி இல்லை. எல்லாம் கையில் இருக்கிறது, இடம்தான் காலி.

ஈரல் சுலபம், வயிறு நெடுக இரண்டு நீள இதழாகக் கிடப்பது. அவள் எடுத்து வைத்தாள். அடுத்து இரைப்பை. நான் முந்திக்கொண்டேன். வாளியில் இருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். அந்த வேகத்தில் பக்கத்துத் தட்டில் பிரித்து வைத்திருந்த இன்னொன்றையும் எடுத்து அதற்குக் கீழேயே வைத்தேன்.

"இந்தச் சுறாவுக்கு இரண்டு இரைப்பையா?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ்.

"பெரும் தீனிக்காரச் சுறா மேடம்," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் ஒன்றை எடுத்தேன். மிச்சமிருந்ததும் தலைகீழாகக் கிடந்தது. அவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"எடுக்கறதுன்னா கண்ண மூடிகினு எடுப்பேன்டி," என்றாள் என் காதில். "வெக்கறது தெரியல. இது எப்டி வளையும்?"

எனக்கு டீச்சரின் இரண்டு கையும் கரும்பலகையில் போன வழி அப்படியே கண்ணில் இருந்தது. "கொக்கி மாதிரி. மேலிருந்து நேரா வந்து, கீழே திரும்பி மறுபடி மேலே போகும்." அவள் வளைத்து வைத்தாள். உட்கார்ந்துகொண்டது. "ஆமா, இப்டித்தான், வழிக்கறப்ப கை இங்கதான் இடிக்கும்" என்றாள். அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேராக இல்லை. நான் படத்தைச் சொல்ல, அவள் கை இடத்தைத் தேட, மற்றவர்கள் வாளியில் இருந்து பொறுக்கிக் கொடுக்க, மண்ணீரல், கணையம், குட்டையான தடித்த குடல் என்று ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. இன்ஸ்பெக்ட்ரஸ் குடலைக் காட்டி, "இவ்வளவு குட்டையா இருக்கே, சாப்பாடு எப்படி ஜீரணமாகும்?" என்று கேட்டார். மிச்சமிருந்த குடல் ஒன்றை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் கீறிக் காட்டினாள் அவள். உள்ளே பாய்ச் சுருள் மாதிரிச் சுருண்டு சுருண்டு போகும் மடிப்பு. "வெளிய குட்டை மேடம். உள்ள சுத்து ஜாஸ்தி." இன்ஸ்பெக்ட்ரஸ் கைக்கடிகாரத்தைக் கழற்றி சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, ஒரு விரலை அந்த மடிப்புக்குள் விட்டுப் பார்த்தார்.

இதயம் அகப்படவில்லை. வாளியைத் துழாவினோம். இல்லை. ஒருத்தி வாளியைத் தரையிலேயே கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை. "இதயம் இல்லாம மூணு சுறா நீந்திண்டு இருந்ததா?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். அவர் குரலில் அப்போது கண்டிப்பு குறைந்து ஆவல் வந்துவிட்டதை நான் கவனித்தேன். மூடிய கரும்பலகையைப் பார்த்தேன். துணிக்கு அடியில் எங்கே சிவப்பு சாக்பீஸ்? செவுளுக்குக் கீழே. ரொம்ப மேலே. கழுத்து என்று சொல்கிற இடத்திலேயே.

"தலை!" என்று கத்தினேன்.

அவளும் அதே நேரத்தில் "தலையோட போயிருக்கும்!" என்றாள். தலையை எடுத்துத் திருப்பி, தாடைக்குக் கீழே விரலை விட்டாள். கடலைப் பருப்பு அளவுக்கு ரத்தச் சிவப்பாக வந்தது. தலையை உடம்போடு ஒட்டி வைத்து, இதயத்தை அதன் இடத்தில் வைத்தாள்.

வாளியில் இருந்து கொட்டியதில் கடைசியாக ஒன்று கிடந்தது. விரல் நீளம்தான். கண்ணும் துடுப்பும் வாலுமாக முழுச் சுறா. வயிற்றில் இருந்து ஒரு கயிறு தொங்கியது.

"இது எங்கே போகும்?" என்றார் இன்ஸ்பெக்ட்ரஸ். டீச்சர் போட்ட படத்தில் குட்டி இல்லை.

"அது சென சுறா தாயே," என்று வாசலில் இருந்து குரல் வந்தது. "அதுக்கும் தொப்புள்கொடி உண்டு. முட்டை போடாது, நம்மளாட்டம் பெத்துப் போடும். புள்ள பெத்தவளுக்குப் பால்சுறா குடுக்கறாங்களே, பின்ன எதுக்குக் குடுக்கறாங்க?"

"கொடி இருக்குன்னு அவங்க சொல்றது நிஜம்தான்," என்றார் டீச்சர். கொடி வழியாகத் தாயிடமிருந்து குட்டிக்கு எப்படி உணவு போகிறது என்று விளக்கினார். அவருக்கே பரவசம் தாங்கவில்லை. புத்தகத்தில் படித்திருக்கிறாராம், கையில் எடுப்பது இதுதான் முதல் தடவையாம். குட்டி கை மாறிக் கை மாறிப் போனது. இன்ஸ்பெக்ட்ரஸ் கையிலும் கொஞ்ச நேரம் இருந்தது. அதை அவள் திரும்ப வாங்கி, குடலுக்குப் பக்கத்தில், தாய் வயிற்றில், கொடியை மடித்து வைத்தாள்.

மேசையில் ஒரு முழுச் சுறா. வெளியே மஞ்சள், உள்ளே அதனதன் இடத்தில் அதது.

அம்மா மேசைக்குக் கிட்டே வந்தார். எட்டிப் பார்த்தார். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அடிப்பாவிங்களா! கய்விக் குடுத்த மீன்ல மறுபடியும் கொடல வெச்சு ரொப்பிட்டாளுங்களே!"

இன்ஸ்பெக்ட்ரஸ் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டர் சிரித்தார், பியூன் சிரித்தான். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு இன்ஸ்பெக்ட்ரஸ் சிஸ்டரிடம் சொன்னார்: "குழாய் போட்டுடலாம். அலமாரி வாங்கிடலாம். அடுத்த ஜூனுக்குள்ள ரெண்டும் வரணும், நான் வந்து பார்ப்பேன். வகுப்பு நடக்கட்டும்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"இன்னா சொல்லுது அந்தம்மா?" என்று அம்மா மகளைக் கேட்டார்.

"கிளாஸு இருக்கும்னு சொல்லுது."

"தையல் இல்லியா?"

"இல்ல."

அம்மா அவளையே பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். அந்தக் கொடி, அந்தக் குட்டி. "இத்தயெல்லாம் நானு எத்தினி வழிச்சு வாத்துக்குப் போட்டுக் கீறேன்," என்றார் மெதுவாக. மகள் கன்னத்தில் ஒட்டியிருந்த மஞ்சளை நகத்தால் எடுத்துவிட்டு, "படி," என்றார். அவ்வளவுதான். ஆனால் இன்ஸ்பெக்ட்ரஸ் பக்கம் திரும்பியபோது அவருக்கு மனம் ஆறவில்லை. "மிச்சம் ரெண்டு சுத்தமா கீது தாயே. இத்தயாச்சும் எடுத்துகினு போ."

ஆய்வுக்கு வந்த இடத்தில் எதையும் வாங்கக் கூடாது என்று இன்ஸ்பெக்ட்ரஸ் சொல்ல, இவர் விடுவதாக இல்லை. கடைசியில் சிஸ்டர் நடுவில் புகுந்து தாம்பாளத்தை மனையியல் வகுப்புக்கு அனுப்பினார். அவர்கள் மத்தியானம் புட்டு செய்தார்கள். யார் யார் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மனையியலுக்கும் அன்று பாராட்டு கிடைத்தது என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

எல்லோரும் போன பிறகு வாளிகளைத் தூக்கினோம். அடுத்த மணி இங்கிலீஷ். அந்த டீச்சருக்கு மீன் வாடை ஆகாது, தாமதமும் ஆகாது. நான் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே அவளைக் கூப்பிட்டேன். அவள் பெஞ்சை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே தாள், கையில் பென்சில்.

"மணி அடிச்சாச்சுடி!"

"போ, நீ போ. வெச்சத வரைஞ்சிட்டு வரேன்," என்றாள், தலையைத் தூக்காமல். "ஈரல்ல ஆரம்பிக்கறதா, தலைல ஆரம்பிக்கறதா?"

நான் கதவு வரை போனேன். பிறகு திரும்பி வந்து, அவளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, நானும் ஒரு பென்சிலை எடுத்து, தலையில் ஆரம்பித்தேன்.